பிடித்த வேலையில் ஆறரை வருடம், போனது நான்கு லட்சம்

வேலை பிடிக்காதவர்கள் எப்படியோ தப்பித்துவிடுகிறார்கள். ஒரு நாள் ரெஸ்யூமைத் தூசி தட்டி எடுத்து நாலு இடத்துக்கு அனுப்பிவிட்டு, நல்ல இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது வேலை பிடித்தவர்கள்தான். நான் அந்த ரகம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் 2017 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், இதே கதை இந்த ஊரில் பல கேட்டுகளுக்குப் பின்னால் நடக்கிறது. எங்கள் வீட்டில் ஸ்டாஃப் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவருக்குப் போனஸிலிருந்து கிராஜுவிட்டி (பல வருடம் உழைத்தவர் கிளம்பும்போது கம்பெனி தரும் தொகை) வரை எல்லாவற்றையும் சங்கத்துக்காரர்கள் பேசி முடித்துக் கொடுத்தார்கள், கையெழுத்து போடுவதோடு அவர் வேலை முடிந்தது. ஸ்டாஃப் என்று வந்துவிட்டால் சங்கம் கிடையாது, எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) மட்டும்தான். அந்த எச்.ஆர். யாருக்குச் சம்பளம் வாங்குகிறார் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதல் நாலு வருடத்தைச் சொல்லாமல் இருந்தால் மிச்சக் கதை புரியாது. எங்களுக்குப் பம்ப் பாடி, உள்ளே சுழலும் இம்பெல்லர் எல்லாம் வெளி ஃபவுண்டரிகளிலிருந்து (இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் பட்டறைகள்) காஸ்டிங்காக, அதாவது வார்ப்பாக வரும். மெஷினிங் முடிந்த பிறகு பார்த்தால் புளோ ஹோல் (காற்று சிக்கிய ஓட்டை), மணல் சிக்கியது, சுருக்கத்தில் விழுந்த ஓட்டை என்று ரிஜெக்ஷன் கொட்டும். அதைக் குறைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது இருந்த பிளான்ட் ஹெட் அதிகம் பேசாத மனிதர். "சரக்கு சரியில்லைன்னா டிஸ்பேட்ச்சை நிறுத்துங்க, அப்புறம் எனக்குச் சொல்லுங்க" என்றார். சரக்கு வெளியே போவதை நிறுத்திவிட்டுச் சொன்னால் போதும், அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். ஒரு இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்த அதிகாரம் என்ன செய்யும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. கணபதியிலும் அரசூரிலும் ஃபவுண்டரி ஃபவுண்டரியாக ஏறி இறங்கினேன், மணலின் ஈரம், உருக்கிய இரும்பு ஊற்றும் சூடு, அச்சுக்குள் வைக்கும் மணல் கோர் சரியாகக் காய்ந்ததா என்று நோட்டில் எழுதி எழுதி, ஒன்றரை வருடத்தில் ரிஜெக்ஷன் பாதிக்கும் கீழே வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குச் சம்பளத்தோடு சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதையே யோசித்துக்கொண்டிருப்பேன், யாரும் யோசிக்கச் சொல்லவில்லை.

ரொம்பப் பிற்பாடு, எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரைத் தெரிந்தது. 1950களின் கடைசியில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் உட்காரவைத்து, வேலையில் எப்போது ரொம்ப நன்றாக இருந்தது, எப்போது ரொம்ப மோசமாக இருந்தது என்று கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் வந்த பதில்கள் வேறு வேறு திசையில் இருந்தன. நன்றாக இருந்த நேரத்தைப் பேசும்போது சாதித்தது, பொறுப்பு, அங்கீகாரம், வேலையே சுவையாக இருந்தது என்று சொன்னார்கள். மோசமான நேரத்தைப் பேசும்போது கம்பெனி விதிமுறைகள், மேலதிகாரி, சம்பளம், வேலையிடச் சூழல் என்று வந்தது. இரண்டாவது பட்டியலைச் சரிசெய்தால் புலம்பல் நிற்கும், உற்சாகம் பிறக்காது. உற்சாகம் முதல் பட்டியலிலிருந்துதான் வரும். அவர் முறையைப் பற்றி அப்புறம் நிறைய விமர்சனங்கள் வந்தன, அதெல்லாம் இருக்கட்டும். என் முதல் நாலு வருடத்தை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைக் கம்பெனிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. முதல் பட்டியல் நிறைந்திருக்கும் ஆள் இரண்டாவது பட்டியலைப் பற்றிக் கேட்கவே மாட்டார். நான் கேட்கவில்லை. 2020ல் கொரோனாவில் எல்லாருக்கும் 25 சதவீதச் சம்பளம் வெட்டினார்கள், "நிலைமை சரியானதும் திருப்பித் தருவோம்" என்று மீட்டிங்கில் சொன்னார்கள். என் கணக்கில் அது 54,000 ரூபாய். பின்னால் ஆர்டர் பிய்த்துக்கொண்டு வந்தது, ஓ.டி. போட்டு ஓட்டினோம். அந்த 54,000 பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மெயிலில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. மீட்டிங்கில் இப்படி ஏதாவது சொன்னால் அன்றைக்கே, "இன்று நீங்கள் சொன்னபடி இந்தத் தொகை பின்னால் திரும்பக் கிடைக்கும் என்று புரிந்துகொண்டேன், நன்றி" என்று மரியாதையாக ஒரு இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். சண்டை போடுகிற தொனியே வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு ஒரு ஆதாரம் இருக்கும்.

2021ல் பிளான்ட் ஹெட் ஓய்வு பெற்றார், புது ஜி.எம். (பொது மேலாளர்) வந்தார். கூடவே இருந்த இன்னொரு இன்ஜினியர் வேறு இடம் போய்விட்டார். "கொஞ்ச நாளைக்கு இன்கமிங், ஃபைனல் ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க, ஏப்ரல்ல அசிஸ்டன்ட் மேனேஜர் பண்ணிடலாம்" என்றார் ஜி.எம். அந்த ஏப்ரல் போய் அடுத்த ஏப்ரலும் போனது. உள்ளே வரும் சரக்கு, வெளியே போகும் சரக்கு என்று சோதிக்கும் வேலை இரண்டானது, இன்க்ரிமென்ட் 4 சதவீதம். டிஸ்பேட்ச்சை நிறுத்தும் அதிகாரம் மட்டும் சத்தமில்லாமல் மேலே போய்விட்டது, இனி ஜி.எம். ஒப்புதல் வேண்டும். பணம் குறைந்ததை விட இதுதான் என்னைச் சாய்த்தது என்று இப்போது தோன்றுகிறது. சரக்கு மோசம் என்று தெரிந்தும் "கஸ்டமர் அவசரம்னு சொல்றாங்க, அனுப்பிடுங்க" என்று ஜி.எம். போனில் சொல்வார், ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது. உங்களிடமிருந்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் விட்டு வைத்தால் அந்த மாதமே உஷாராகிவிடுங்கள். இப்படி வாய்வழியாக வந்த உத்தரவுகளையும் மெயிலில் உறுதி செய்து வைத்துக்கொள்வது நல்லது, நாளைக்கு ஃபீல்டிலிருந்து புகார் வந்தால் முதலில் தேடுவது கையெழுத்தைத்தான்.

எங்களுடைய உற்சாகம் குறைந்ததை நிர்வாகமும் கவனித்தது, அதை மறுக்க முடியாது. கவனித்துவிட்டு என்ன செய்தார்கள் தெரியுமா? மாதத்தின் சிறந்த ஊழியர் என்று கேன்டீன் சுவரில் போட்டோ மாட்டினார்கள். கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட் கொடுத்தார்கள். சத்தி ரோட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டிவந்து "இது கம்பெனி அல்ல, நம் குடும்பம்" என்று கைதட்டச் சொன்னார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதற்குப் பதில் லீவு (காம்ப்-ஆஃப்) கிடையாது. மாதத்தின் சிறந்த ஊழியராக என் போட்டோவும் ஒரு முறை மாட்டியிருந்தது. எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர், வயதில் பெரியவர், என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், போட்டோவைப் பார்த்துவிட்டு "ஏனுங் அம்மிணி, இதுக்கு ஏதாச்சும் காசு குடுத்தாங்களா, வெறும் போட்டோதானா?" என்று கேட்டார். வெறும் போட்டோதான்.

ஒரு சர்வேயும் வந்தது. பேர் தெரியாது, மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் மெயிலில் தனித்தனி லிங்க். தனி லிங்க் என்றால் யார் எழுதியது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்று அர்த்தம், அது போக எங்கள் டிபார்ட்மென்ட்டில் இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், அதில் பெண் நான் ஒருத்தி. சம்பள வித்தியாசம் பற்றி எழுதினேன். அடுத்த வாரம் ஜி.எம். பேச்சுவாக்கில், "சில பேருக்கு அடுத்தவங்க சம்பளத்து மேலயே கண்ணு" என்றார். சர்வேயில் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. நேரில் முகத்துக்கு முன்னால் சொல்லத் தயாராக இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

அந்தச் சம்பள வித்தியாசம் என்னவென்றால், எனக்குக் கீழே புதிதாக ஒரு பையனை எடுத்தார்கள். என்னைவிட நாலு வருடம் அனுபவம் குறைவு. வேலை கற்றுக்கொடுத்தது நான்தான். அவன் சம்பளம் என்னுடையதைவிட 9,000 ரூபாய் அதிகம் என்பது வங்கிக் கடனுக்கு அவன் பே-ஸ்லிப் பிரின்ட் எடுத்தபோது தெரிந்தது. அவன் மேல் கோபமில்லை, நல்ல பையன், அவனே கூச்சப்பட்டான். மார்க்கெட்டில் ஆள் எடுக்கும்போது மார்க்கெட் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும், உள்ளேயே இருக்கிற ஆளுக்கு 4 சதவீதம் போதும், அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற கணக்கு. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். சம்பளம் போதவில்லை என்ற வருத்தத்தை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம், நாம் போட்டதற்கும் பக்கத்தில் இருப்பவர் போட்டதற்கும் நடுவில் நியாயம் இல்லை என்று தெரிகிற வருத்தம் வேறு மாதிரி அறுக்கும். இதில் என் அறிவுரை ஒன்றே ஒன்று: வேலை மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியே ஒரு இன்டர்வியூ போய்வாருங்கள். நம் விலை என்ன என்று தெரிந்துகொள்ள வேறு நம்பகமான வழி இல்லை, நம் கம்பெனியிடம் கேட்டால் அவர்கள் சொல்லப் போவதில்லை.

2022 ஜூனில் நானும் போய்வந்தேன். அப்போது என் சம்பளம் 38,000. வால்வு தயாரிக்கும் ஒரு இடத்தில் 49,000க்கு ஆஃபர் கிடைத்தது. ராஜினாமா மெயில் அனுப்பிய அரை மணி நேரத்தில் ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார். காபி வந்தது, அதற்கு முன்னால் அந்த அறையில் எனக்குக் காபி வந்ததே இல்லை. "நீங்க போயிட்டா இந்த டிபார்ட்மென்ட்டே போச்சு" என்றார். பதினெட்டு மாதம் இருந்தால் 1,20,000 ரூபாய் ரிட்டென்ஷன் போனஸ், புரமோஷன் கண்டிப்பாக உண்டு என்றார். கடைசியாக, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனி 50,000 அட்வான்ஸ் கொடுத்ததை மெதுவாக ஞாபகப்படுத்தினார். அந்த அட்வான்ஸை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து எப்போதோ முடித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் கொடுத்தார்களே என்ற எண்ணம் எனக்குள் இருந்தது நிஜம். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆஃபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

ஏன் இருந்தேன் என்று பின்னால் பல முறை யோசித்திருக்கிறேன். ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் 1991ல் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நிறுவனத்தில் தொடர்வதற்கு மூன்று விதப் பிணைப்பு இருக்கலாம். பிடித்திருப்பதால் இருப்பது ஒன்று. போனால் நஷ்டம் என்பதால் இருப்பது இன்னொன்று. போவது தப்பு, நன்றிகெட்டத்தனம் என்று தோன்றுவதால் இருப்பது மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே மாதிரி காலை எட்டரைக்குப் பஞ்ச் வைப்பார்கள், ஆனால் முதல் வகைக்காரர்தான் அதிகம் மனசு வைத்து வேலை செய்கிறார் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. நஷ்டத்துக்குப் பயந்து இருப்பவரிடம் அந்த ஈடுபாட்டை எதிர்பார்க்க முடியாது. நான் 2017ல் முதல் வகையில் சேர்ந்தேன். 2022ல் பார்த்தால் முதல் வகை காணாமல் போய், வீட்டுக்கடனும் பையனின் பள்ளிக்கூடமும் கம்பெனி வீட்டுக்குப் பக்கம் என்பதும் சேர்ந்து இரண்டாவதாகவும், அப்பாவுக்குக் கொடுத்த அட்வான்ஸ் மூன்றாவதாகவும் என்னைப் பிடித்து வைத்திருந்தன. இது எந்தத் தேதியில் மாறியது என்று எனக்கே தெரியாது. இந்த மூன்றில் எது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது காரணங்கள் கேவலமானவை கிடையாது, குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது மட்டும்தான் மிச்சம் என்றால் தெரிந்து இருங்கள், தெரியாமல் இருக்காதீர்கள். நன்றிக்கடன் விஷயத்தில் இன்னொன்று: கம்பெனி வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுத்தால் அதற்கான நன்றி அந்த அட்வான்ஸ் அளவுக்குத்தான். வெளியே கிடைக்கும் கூடுதல் சம்பளத்தை விட்டுவிட்டு, மாதம் 11,000 வீதம் பல வருடத்துக்கு அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ரிட்டென்ஷன் போனஸுக்கு லெட்டர் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கடைசி வரியில் "நிர்வாகத்தின் விருப்பத்துக்கும் அப்போதைய வியாபார நிலைமைக்கும் உட்பட்டு" என்று இருந்தது. 2023 டிசம்பரில் பதினெட்டு மாதம் முடிந்தது. ஜனவரியில் கேட்டபோது வியாபார நிலைமை சரியில்லை என்றார்கள். அதே மாதம் புது மெஷினுக்கு யார்டில் பூஜை போட்டு எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட லெட்டர் உங்கள் கைக்கு வந்தால் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: தொகை, கொடுக்கும் தேதி, என்ன நிபந்தனை நிறைவேறினால் கொடுப்பார்கள், இடையில் கம்பெனியே உங்களை அனுப்பினால் என்ன ஆகும். விருப்பத்துக்கு உட்பட்டு என்ற வார்த்தை இருந்தால் அதைப் பணமாகக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முடிந்தால் பாதித் தொகையை முன்னாலேயே கேளுங்கள், அல்லது அதைச் சம்பளத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பதினெட்டு மாதம் கழித்தும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்தப் பதினெட்டு மாதத்தைப் பற்றிப் பணக்கணக்கில் மட்டும் சொன்னால் போதாது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிறு பிசையும். பையன் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன், அப்புறம் ராத்திரி அவன் தூங்கும்போது தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு காலத்தில் மணல் ஈரத்தை நோட்டில் எழுதிய ஆள், "என்னவோ பண்ணித் தொலைங்க" என்று கையெழுத்து போட ஆரம்பித்தேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேன், வயசாகிவிட்டது, முன்னே மாதிரி இல்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். அல்சர் என்று நான் போய்ப் பார்த்த டாக்டர்தான் வேலையைப் பற்றிக் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்-அவுட்டை வேலையிடம் சார்ந்த நிலை என்று விளக்கியிருக்கிறது. தனி நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத தொடர் வேலை அழுத்தத்தால் வருவது என்கிறது. மூன்று அடையாளம்: சக்தி எல்லாம் வற்றிப்போவது, வேலையிடமிருந்து மனம் விலகி ஏளனமாகப் பார்ப்பது, முன்னைப் போல் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன. முன்பு அக்கறையாக இருந்தவர் திடீரென்று அக்கறையில்லாமல் போனால், அது நீங்களாக இருந்தாலும் சரி, உங்கள் டீமில் ஒருவராக இருந்தாலும் சரி, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று முதலில் பாருங்கள். யோகா கிளாஸ் அப்புறம்.

டீம் என்றதும் ஒரு இடைச்செருகல். என்னிடம் இருந்த லைன் இன்ஸ்பெக்டர்களுக்குச் சம்பளம் ஏற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது. செய்ய முடிந்தது இரண்டு. அடுத்த வார ஷிப்ட் பட்டியலை வியாழக்கிழமையே ஒட்டிவிடுவேன், அவர்களுக்குள் மாற்றிக்கொண்டால் தடுக்க மாட்டேன். அப்புறம், கஸ்டமருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் குறையைக் கண்டுபிடித்தவர் பேரைப் போடுவேன். அம்மிணி என்று கூப்பிடுபவர் தன் பேர் வந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். டி-ஷர்ட்டுக்கு ஆன செலவில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாத விஷயம் இது. மேலே இருப்பவர்களிடம் பணம் கேட்டுக் கிடைக்காதபோது கூட இதைச் செய்யலாம்.

சரி, வெளியே வந்த கதைக்கு வருகிறேன், பணம் அதிகம் கைமாறுவது அங்கேதான். 2024 ஜனவரியில் மறுபடியும் ராஜினாமா கொடுத்தேன், இந்த முறை காபி குடிக்கவில்லை. நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள், புது இடத்தில் 45 நாளில் சேரச் சொன்னார்கள். மீதி 45 நாளுக்கு மொத்தச் சம்பளமான 42,000 கணக்கில் 63,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 11,340, ஆக 74,340 கட்டு என்று எச்.ஆர். ஷீட் கொடுத்தார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை வீட்டில் போய்த் தேடி எடுத்துப் பார்த்தால் "பேசிக் சம்பளம்", அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம் என்று தெளிவாக இருக்கிறது. என் பேசிக் 18,000, அப்படியென்றால் 27,000தான். ஜி.எஸ்.டி. விஷயத்தில், மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178 என்ற எண்ணுள்ள சுற்றறிக்கை, வேலையை விட்டுப் போகிறவரிடம் பிடிக்கும் நோட்டீஸ் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று விளக்கியிருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். எச்.ஆர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, "சரி மேடம், மாத்திடறேன்" என்றார். எத்தனை பேரிடம் மாற்றாமல் வாங்கினார்களோ. உங்களுக்குப் புது இடம் அவசரப்படுத்தினால் நோட்டீஸ் தொகையைத் தருவீர்களா என்று கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள், ஆனால் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்து கிராஜுவிட்டி. "அது உங்க சி.டி.சி.யிலயே வருதே, மாசாமாசம் குடுத்துட்டோமே" என்றார்கள். சி.டி.சி. (ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) ஷீட்டில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கம்பெனி தன் செலவாகக் காட்டும் கணக்கு, நம் கைக்கு வந்ததே இல்லை. ஐந்து வருடம் முடித்தவர் கிளம்பும்போது அது தனியாக வந்தாக வேண்டும். கணக்கு எளிது: கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். எனக்கு ஆறு வருடம் எட்டு மாதம். அவர்கள் ஆறு என்று போட்டு 62,308 காட்டினார்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு வருடம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆக ஏழு வருடம், 72,692. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்தேன், முப்பது நாளுக்குள் வரவில்லை. தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் மனு போடப் போகிறேன் என்று ஒரு மெயில் போட்டதும் அந்த வாரமே வந்தது. இன்னொரு தகவல், ஐந்து வருடத்துக்குச் சில மாதம் குறைவாக இருப்பவர்கள் அவசரப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டாம். நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. என் காலத்தில் இருந்தது 1972ஆம் வருடத்துச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அதன்படி வேலையை விட்டால் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும், ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி தகுதி வந்துவிடும். பேசிக்கைச் சின்னதாக வைத்து அலவன்ஸில் கொட்டும் தந்திரத்துக்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும்.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்புக்கை வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொண்டிருங்கள். கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு போய் இரண்டு மாதம் கழித்து நாமே போர்ட்டலில் பதிவு செய்யலாம். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வேறு. ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன்னால் உங்களுடைய பே-ஸ்லிப், இன்க்ரிமென்ட் லெட்டர், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் அன்றைக்கே மெயிலை மூடிவிடுகிறார்கள். கம்பெனி ஃபைல்களைத் தொடாதீர்கள், அதை வைத்தே மடக்கிவிடுவார்கள். சட்டப்படி போனஸ் வரம்புக்குள் வருகிற சம்பளக்காரர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: போன நிதியாண்டில் முப்பது நாளாவது வேலை பார்த்திருந்தால் தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டிருந்தாலும் அந்த வருடத்துப் போனஸ் உங்களுக்கு உண்டு. எங்கள் இன்ஸ்பெக்டர்களில் பலர் இது தெரியாமலே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கொரோனாவில் வெட்டியது 54,000. வேண்டாமென்ற ஆஃபரில் மாதம் 11,000 வீதம் பதினெட்டு மாதம், 1,98,000. வராத ரிட்டென்ஷன் போனஸ் 1,20,000. நோட்டீஸுக்குக் கட்டியது 27,000. கூட்டினால் 3,99,000. டாக்டர் செலவைச் சேர்க்கவில்லை.

இப்போது இருக்கும் இடத்தில் சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, ஆறு மணிக்குக் கிளம்பலாம். பழைய வேலையில் முதல் நாலு வருடம் இருந்த அந்த வெறி இங்கே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். அதற்காக ஏங்குவதும் உண்டு. போன மாதம் ஜெர்மனியில் ஒரு பயிற்சிக்கு என் பேரைச் சொன்னார்கள், கூடவே ஒரு பாண்டு: திரும்பி வந்து இரண்டு வருடத்துக்குள் போனால் 3 லட்சம் கட்ட வேண்டும். பாண்டு செல்லாது என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வருடம், 2 லட்சம் என்றிருந்த பாண்டு செல்லும் என்றே தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எச்.ஆரிடம் போய், மாதம் ஆக ஆகத் தொகையும் குறைந்துகொண்டே வரும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும், நிஜமான பயிற்சிச் செலவு எவ்வளவு என்றும் அதில் எழுத வேண்டும் என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை, நானும் கையெழுத்து போடவில்லை.